மெத்தை வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்: மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் சொந்தக் காசில் மெத்தை வாங்கியது ஒரு டிசம்பர் மாதத்தில். கடையில் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் ஒரு மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார்; பதிந்த கைத்தடம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. என் மனைவி தானும் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தாள், நானும் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், பில் போட்டாயிற்று. சித்திரை பிறந்ததும் விவரம் புரிந்தது. விளாங்குடியில் எங்கள் வீடு மேல்தளம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கும் அனலை இறக்கும். அந்த மெத்தையில் படுத்தால் முதுகு முழுக்க வேர்வை. கத்திரி முடியும்வரை நாங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். கீழே ஃபேன் காற்றில் மெத்தை மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நாலைந்து இருந்தன. நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதுக்குடித்தனம் வைப்பவர்கள், மகளுக்குச் சீர் வாங்கக் கிளம்பியிருப்பவர்கள், வேலைக்காக மதுரைக்கு வந்து வாடகை வீடு பிடித்தவர்கள் என்று முதல் மெத்தை வாங்குகிறவர்களை நினைத்து எழுதியது.

முதல் வேலை வீட்டில்

கடைக்குப் போவதற்கு முன் கட்டிலை அளந்துகொள்ளுங்கள். வெளிச் சட்டத்தை அல்ல, மெத்தை உட்காரும் உள்பகுதியை. தலைமாட்டில் ஒரு தடவை, கால்மாட்டில் ஒரு தடவை அகலம் எடுங்கள். ஆசாரியை வைத்துச் செய்த பழைய தேக்குக் கட்டில் என்றால் இரண்டு அளவும் அரை இன்ச் மாறுவது சாதாரணம்.

கடைகளில் தயாராகக் கிடைக்கும் நீளம் 72, 75, 78 இன்ச். அகலம் ஒற்றை ஆளுக்கு 30 அல்லது 36, டபுள் 48, குயின் 60, கிங் 72. உங்கள் உயரத்தோடு ஆறு இன்ச் கூட்டிக்கொண்டால் தேவையான நீளம் வந்துவிடும். ஆறடி ஆள் 72 இன்ச் மெத்தையில் படுத்தால் பாதம் வெளியேதான் இருக்கும். இரண்டு பேர் படுத்து நடுவில் ஒரு குழந்தையும் படுக்கும் வீட்டில் 60 இன்ச் போதவே போதாது. அப்பா எப்படியும் தரைக்கு வந்துவிடுவார். தயார் அளவு பொருந்தாவிட்டால் உங்கள் அளவுக்கே செய்து தருவார்கள். ஆனால் அப்படிச் செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்த பிறகே சொல்லுங்கள்.

உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டில் 18 இன்ச், அதன் மேல் 10 இன்ச் மெத்தை என்றால் 28 இன்ச். மூட்டு வலி உள்ள ஒரு பாட்டி ராத்திரி பாத்ரூம் போக அதிலிருந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்ந்து 20 இன்ச் அளவில் இருந்தால் வசதி. நம் ஊர் சாதாரணக் கட்டிலுக்கு 5 அல்லது 6 இன்ச் மெத்தையே தாராளம். 10 இன்ச் வாங்கினால் வீட்டில் இருக்கும் பெட்ஷீட் எதுவும் ஓரம் செருக வராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டிலின் அடிப்பகுதி. ஒரே சமமான பிளைவுட் என்றால் கவலையில்லை. மரச் சட்டங்களாக இருந்தால் இடைவெளி மூன்று இன்ச்சுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஃபோம் அந்தச் சந்துகளுக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். நாடாக் கட்டில், கயிற்றுக் கட்டில் ஆகியவற்றின் மேல் ஃபோமோ ஸ்பிரிங்கோ போடவே கூடாது. கட்டில் தொய்ந்தால் மெத்தையும் சேர்ந்து தொய்யும், பிறகு வாரண்டி கேட்டுப் போனால் முதல் கேள்வியே 'எதன் மேல் போட்டீர்கள்' என்பதாக இருக்கும். தரையில் போட்டுப் படுக்கிறவர்கள் அடியில் கோரைப்பாய் விரித்து, தினமும் காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். நம் உடம்பின் ஈரம் தரைக்கும் மெத்தைக்கும் நடுவே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, மாடிப்படி. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் உள்ள பழைய வீடுகளின் படிகளில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற முடியும். ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது. சுருட்டிக் கட்டி வரும் ஃபோம், மடித்துத் தோளில் தூக்கும் இலவம்பஞ்சு, இரண்டும் அங்கே ஏறிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது

மெத்தையின் மேல்துணி எல்லாக் கடையிலும் பளபளவென்றுதான் இருக்கும். காசு கொடுப்பது உள்ளே இருப்பதற்கு. அது எது என்று தெரியாமல் விலை பேசுவது மூட்டையைத் திறக்காமல் அரிசி வாங்குவது மாதிரி.

நம் பக்கத்துப் பொருளிலிருந்து தொடங்குகிறேன். மதுரைக்கு மேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். கோடையில் இலவமரத்தில் காய் முற்றி வெடிக்கும். இது என்றைக்காவது பழுக்கும் என்று கிளி காத்திருந்து ஏமாந்த கதைதான் பழமொழியானது. கிளிக்குக் கிடைக்காத பஞ்சு நமக்கு மெத்தையானது. இந்த இழையின் உள்ளே வெற்றிடம், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, தண்ணீர் சுலபத்தில் ஏறாது. கப்பல்களில் போடும் மிதவைச் சட்டைகளில் முன்பு இதைத்தான் அடைத்தார்கள். இழை வழுக்கும் என்பதால் நூலாக நூற்பது கஷ்டம், அடைப்பதற்குத்தான் லாயக்கு. சூடு தங்காது. ஏசி இல்லாத மதுரை வீட்டுக்கு இதைவிடக் குளுமையான மெத்தையை நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. ஆள் படுக்கும் இடத்தில் பஞ்சு ஒதுங்கிக் கட்டி கட்டியாகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, வெயிலில் உலர்த்தி, உதிர்த்து, குறைந்ததைச் சேர்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். முதுகுக்கு ஒரே சீரான தாங்கல் கிடைக்காது. நெருப்பு பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும், எனவே கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு இது ஆபத்து. வாங்குவதென்றால் எத்தனை கிலோ என்று பேசி, கண்முன்னே எடை போட்டு, கண்முன்னே அடைக்கச் சொல்லுங்கள். மில்லில் கழித்த பருத்திப் பஞ்சைக் கலப்பது உண்டு. நல்ல இலவம்பஞ்சு இளமஞ்சளாக மினுங்கும். கைக்குள் அழுத்திப் பிடித்துவிட்டால் புஸ்ஸென்று விரியும். கலப்படம் அழுத்திய இடத்திலேயே நிற்கும். அடைக்கும்போது தூசி பறக்கும், வீசிங் உள்ளவர்கள் தள்ளி நிற்பது நல்லது. உறைக்குத் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். நெருக்கமாக நெய்த கெட்டித் துணியாக இல்லாவிட்டால் இழை வெளியே வந்து மூக்கில் ஏறும்.

காயர் என்று கடைக்காரர்கள் சொல்வது தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கியது. கெட்டியாக இருக்கும், இடையில் காற்று புகும், விலையும் கையைக் கடிக்காது. பெரும்பாலும் மேலே ஒரு இன்ச் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். சில வருடங்களில் இடுப்பு படும் நடுப்பகுதி அமுங்கி, நார் பொடிப்பொடியாகக் கட்டிலடியில் கொட்டும். அப்படிக் கொட்டத் தொடங்கிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

இப்போது ஃபோம். அதிகம் விற்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஃபோமுக்கு இரண்டு குணங்கள். ஒன்று உறுதி, அதாவது படுத்தால் எவ்வளவு அமுங்குகிறது. மற்றது அடர்த்தி, கடையில் 'டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. இரண்டும் வேறு வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமைக்கூடத் தயாரிக்கும்போதே கெட்டியாகச் செய்துவிட முடியும். கடையில் அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும், 'நல்ல ஸ்ட்ராங்கான பெட்' என்று நம்பி வாங்கிவிடுவோம். ஒன்றிரண்டு வருடத்தில் நடுவில் குழி. நீடித்து உழைப்பது பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்தது. என் கணக்குப்படி 28-க்குக் கீழே உள்ளது எப்போதாவது வரும் விருந்தாளிக்கு. தினமும் படுக்க 32-க்குக் குறையக் கூடாது. எடை 80 கிலோவுக்கு மேல் உள்ள ஆள் 40 கேளுங்கள்.

கடைக்காரர் 40 என்கிறார், உண்மையா என்று எப்படித் தெரியும்? எடை போட்டால் தெரிந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 75-க்கு 60, உயரம் 5 இன்ச் என்றால் 22,500; வகுத்தால் சுமார் 0.37. அதை 40-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 15 கிலோ. 32 என்றால் 12 கிலோ. 23 என்றால் எட்டரை. ஆக, 40 என்று சொல்லி விற்ற குயின் மெத்தை ஒன்பது கிலோ இருந்தால் விஷயம் விளங்கிவிடும். கடையில் தராசு இல்லை என்றால், வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷினில் மெத்தையைத் தூக்கிப் பிடித்தபடி நின்று உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். ஆன்லைனில் பொருளின் எடையைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், அங்கேயே கணக்குப் பார்த்துவிடலாம்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரீபாண்டட் என்று ஒன்று உண்டு: ஃபோம் வெட்டிய துண்டு துணுக்குகளைப் பசை போட்டு அழுத்தியது. பிரித்துப் பார்த்தால் பல வண்ணத்தில், கேசரியில் டூட்டி ஃப்ரூட்டி தூவியது போல இருக்கும். இது நல்ல கனம். அடியில் இரண்டு மூன்று இன்ச் இதைப் போட்டு மேலே மென்மையான ஃபோம் வைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, கெட்டியாக நிற்கும். ஆனால் இது கலந்த மெத்தையில் மொத்த எடையை மட்டும் வைத்து ஏமாந்துவிடக் கூடாது. மேலிருந்து கீழ்வரை எந்த அடுக்கு எத்தனை இன்ச் என்று கேளுங்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் திறந்து காட்டும் கடைக்காரரிடம் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

என் கைத்தடத்தை வாங்கிக்கொண்ட மெத்தைக்குப் பெயர் மெமரி ஃபோம். 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவாக்கிய பொருள். உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுப்பதுதான் அதன் வேலை. மே மாத மதுரையில் நாம் படுக்கும் முன்பே அது இளகிக் கிடக்கும். நம்மை உள்ளே வாங்கிச் சுற்றிலும் அணைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லை. 'ஜெல் கலந்தது, ஜில்லென்று இருக்கும்' என்பார்கள். முதல் கொஞ்ச நேரம் இருக்கும், ஜெல்லும் சூடேறிய பிறகு பழைய கதைதான். வருடம் முழுக்க ஏசி போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது நல்ல பொருள். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

லேட்டக்ஸ் என்பது ரப்பர் பாலை நுரைக்க அடித்து அச்சில் வேகவைத்தது. அச்சில் இருக்கும் ஊசிகளால் மெத்தை முழுக்கத் துளைகள் விழும். அதனால் ஃபோமைவிடக் காற்றோட்டம் அதிகம். அழுத்தினால் உடனே துள்ளி எழும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நீண்ட காலம் உழைக்கும். விலையும் எடையும்தான் பயமுறுத்தும். 6 இன்ச் குயின் அளவு முப்பது கிலோவைத் தாண்டும், ஷீட் மாற்றக்கூட ஒரு ஆளால் தூக்க முடியாது. இயற்கை ரப்பரா, செயற்கை ரப்பர் கலந்ததா, எத்தனை சதவீதம் என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஃபோமின் மேல் ஒரு இன்ச் மட்டும் இதை ஒட்டிவிட்டு 'லேட்டக்ஸ் பெட்' என்று பெயர் வைத்திருப்பதும் உண்டு.

ஸ்பிரிங் மெத்தைக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் சூடு அவ்வளவு தங்காது. கம்பிச் சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருப்பது பழைய வகை. ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியும். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைத்துத் தைத்தது பாக்கெட் ஸ்பிரிங். நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுக்கிறவர் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி.

'ஆர்த்தோ' என்ற வார்த்தை

மெத்தையில் 'ஆர்த்தோ' என்று எழுதியிருந்தால் எலும்பு டாக்டர் பரிசோதித்துக் கொடுத்த சான்று என்று நினைக்க வேண்டாம். எந்தக் கம்பெனியும் எந்த மெத்தைக்கும் வைத்துக்கொள்ளும் பெயர் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இன்னொரு பக்கம்: 'கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது'. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும், மறு பாதிக்கு நடுத்தர உறுதி உள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது. ஆகவே முதுகு வலிக்காகக் கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. கால் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது எல்லாம் இருந்தால் மெத்தைக் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

கடையில் படுத்துப் பாருங்கள்

நம்மில் முக்கால்வாசிப் பேர் கையால் அழுத்திப் பார்த்து மெத்தை வாங்குகிறோம், கையா அதில் தூங்கப் போகிறது? கடையில் நாலு பேர் பார்க்கப் படுப்பதற்குக் கூச்சம், பெண்களுக்கு இன்னும் அதிகம். கூட்டம் இல்லாத வேலை நாளில், காலை பதினொரு மணி வாக்கில் போனால் இந்தச் சங்கடம் குறையும். கூட யாரையாவது அழைத்துப் போங்கள். சுடிதார் வசதி. இரண்டு பேர் படுக்கப்போகும் மெத்தை என்றால் இரண்டு பேரும் வந்து படுத்துப் பார்க்க வேண்டும். சீர் வாங்கும்போது இதுதான் நடப்பதில்லை: மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் வந்து அழுத்திப் பார்ப்பார்கள், படுக்கப்போகிற பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்க மாட்டார்கள்.

வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படியே படுங்கள், குறைந்தது பத்து நிமிடம். மல்லாந்து படுத்தால் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே மறுத்தால் இடுப்பு உள்ளே இறங்கிவிட்டது. கொஞ்சம் உரசிக்கொண்டு போக வேண்டும். ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் தோள்பட்டையைக் கவனியுங்கள். தோளில் அழுத்தம் ஏறினால் இன்னும் கொஞ்சம் மென்மை தேவை. குப்புறப் படுக்கிறவர்களுக்கு மென்மை ஆகாது. பிறகு ஒருவர் புரள, மற்றவர் கண்ணை மூடிக் கிடந்து பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்து வேட்டியையோ புடவையையோ சரிசெய்வது போல முன்னால் குனியுங்கள். சரிந்து விழுவது போல இருந்தால் ஓரம் பலவீனம்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: கடை ஏசியில் இருக்கும் மெத்தை உங்கள் வீட்டில் இருக்கப்போகும் மெத்தை அல்ல. முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் வாங்குங்கள். அந்த வெக்கையில் உங்களுக்கு ஒத்துக்கொள்வது ஐப்பசி மழையிலும் ஒத்துக்கொள்ளும்.

விலையும் பில்லும்

மெத்தையின் மேல் அச்சடித்த விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாதி விலை தள்ளுபடி என்பது இந்தத் தொழிலில் வருடம் முழுக்க நடக்கிற சங்கதி. ஆடிக்கும் தீபாவளிக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரே அளவு, ஒரே அடர்த்தி, ஒரே உயரத்துக்கு மூன்று கடைகளில் கடைசி விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி, வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். விலை இறங்க மறுத்தால் நல்ல தலையணை இரண்டு கேட்டு வாங்குங்கள். இலவசம் என்று அவர்களே நீட்டுவது பெரும்பாலும் ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும்.

மலிவா விலை அதிகமா என்பதை வருடக் கணக்கில் பாருங்கள். 9,000 ரூபாய் மெத்தை ஐந்து வருடம் வந்தால் வருடத்துக்கு 1,800. 24,000 ரூபாய் மெத்தை பன்னிரண்டு வருடம் வந்தால் 2,000. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் 5,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டு வருடத்தில் குழி விழுந்தால் வருடத்துக்கு 2,500 ஆகிறது. அதே சமயம் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகப்போகிறவர் 24,000 போடுவதிலும் அர்த்தமில்லை.

பத்து வருட வாரண்டி என்றால் பத்து வருடமும் புது மெத்தை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். குழி எத்தனை இன்ச் ஆழம் விழுந்தால் ஏற்பார்கள், கறை பட்டால் வாரண்டி உண்டா, எத்தனை வருடத்துக்குப் பிறகு மாற்றுவதற்கு நம்மிடமும் காசு கேட்பார்கள், இந்த மூன்றையும் அட்டையில் படித்துவிடுங்கள். பில்லில் மாடல் பெயர், அளவு, உயரம், அடர்த்தி எல்லாம் இருக்கட்டும். வெறுமனே 'பெட் 1' என்று எழுதிய துண்டுச்சீட்டு நாளைக்கு எதற்கும் உதவாது. தகராறு வந்து கடையில் கேட்டும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள்.

ஆன்லைனில் வாங்கினால் சோதனை நாட்கள் தருகிறார்களா, திரும்ப எடுக்க உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று பாருங்கள். மதுரை நகருக்குள் வருகிறவர்கள் உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் வராமல் போகலாம். திரும்ப எடுக்கும்போது அட்டைப்பெட்டியும் கேட்பார்களா என்று முன்பே விசாரித்துவிடுங்கள், சுருட்டி வந்த மெத்தை திரும்ப அதற்குள் போகவே போகாது.

வீட்டுக்கு வந்த பிறகு

வண்டியிலிருந்து இறக்கும்போதே கவனம். பழையதை எடுத்துக்கொண்டு புதியது தரும் திட்டங்களில், யார் வீட்டுப் பழைய மெத்தையோ உங்கள் புது மெத்தையின் பக்கத்திலேயே பயணம் செய்திருக்கலாம். மூட்டைப்பூச்சி குடியேற அது போதும். பிளாஸ்டிக் உறை கிழியாமல் வந்திருக்கிறதா, தையல் ஓரங்களில் கருப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். விடுதியில், பிஜியில் தங்குகிறவர்கள் அங்கே கொடுக்கும் மெத்தையையும் இதே மாதிரி டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். புது பைக் சீட்டின் உறையை மூன்று வருடம் கழற்றாத ஊர்க்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். வேர்வை ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். சுருட்டி வந்த ஃபோம் முழு உயரத்துக்கு எழ ஒன்றிரண்டு நாள் ஆகும். புது வாடையும் ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாட்களில் போய்விடும்.

வெயில் விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் போட்டுக் காயவைத்து, தடியால் அடித்து எடுப்பது நம் பாட்டிமார் பழக்கம். பஞ்சுக்கு அது சரி. அதையே ஃபோமுக்கும் லேட்டக்ஸுக்கும் செய்தால் கெட்டது குடி. நேரடி வெயில் பட்டு மஞ்சளித்து, விரல் பட்டால் உதிரத் தொடங்கும். அவற்றை நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வைத்தால் போதும். காலையில் எழுந்த உடனே விரிப்பை இழுத்து மூடாமல், அரை மணி நேரம் ஃபேன் காற்றில் ஈரம் போக விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் படுக்கும்படி செய்த மெத்தையை மட்டுமே குப்புறப் புரட்டலாம். குழந்தை உள்ள வீட்டில் ரெக்சின் விரிப்பைப் போட்டால் எல்லாருக்கும் வேர்க்கும். தண்ணீர் இறங்காத, ஆனால் மேலே பருத்தி உள்ள பாதுகாப்பு உறை கிடைக்கிறது, கொஞ்சம் காசு கூட. தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை நல்ல சூடான தண்ணீரில் துவையுங்கள், தூசிப் பூச்சிகள் சாக 60 டிகிரி வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டும் மென்மை எதுவும் வேண்டாம்: சமமான, கெட்டியான, அமுங்காத படுக்கை. மூக்கு புதையும்படியான மெத்தையும் பக்கத்தில் தலையணையும் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

என்னைக் கேட்டால்? ஏசி இல்லாத மேல்தளத்தில் இருக்கிறவர்கள் இலவம்பஞ்சுக்கோ, மேலே ஒரு இன்ச் ஃபோம் உள்ள காயருக்கோ போங்கள். காசு இருந்தால் பாக்கெட் ஸ்பிரிங். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு 32 அல்லது 40 அடர்த்தியில் நாலைந்து இன்ச் ஃபோம், தூக்கிக்கொண்டு ஓடச் சுலபம். நாங்கள் இப்போது படுப்பது அடியில் ரீபாண்டட், மேலே இரண்டு இன்ச் லேட்டக்ஸ். ஒரு மே மாதத்தைத் தாண்டியாயிற்று, மொட்டை மாடிக்குப் போகவில்லை.

பழைய மெத்தையை என்ன செய்வது என்றும் முன்கூட்டியே யோசியுங்கள், குப்பை வண்டியில் அவ்வளவு பெரியதை ஏற்ற மாட்டார்கள். இலவம்பஞ்சு என்றால் பிரித்து ஏழெட்டுத் தலையணை அடைத்துவிடலாம். எங்கள் மெமரி ஃபோமைக் குளிரான ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்து, கொடைக்கானலில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்கு வேனில் ஏற்றிவிட்டேன். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டான். மார்கழி பிறந்ததும் ஃபோன் வந்தது: 'என்ன மாமா, பெட்டுனு சொல்லிப் பலகையை அனுப்பியிருக்கீங்க?' அந்தக் குளிரில் அது இளகவே இல்லையாம்.